ஃபைல் கட்டளை: பழைய தமிழ்க் கோப்புகளைப் பிரிக்க இதை நம்பலாமா?

ஒரு கோப்பு டெக்ஸ்ட்டா (படிக்கிற எழுத்து) பைனரியா (படம், புரோகிராம் போன்ற மற்றவை) என்று, ஆள் திறந்து பார்க்காமல் புரோகிராமே சொல்ல வேண்டும் என்றால், டெர்மினலில் டைப் செய்து ஓட்டுகிற 'ஃபைல்' கட்டளையை விட இப்போதைக்கு நல்ல கருவி எதையும் நான் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே அதன் குறைகளையும் நிறைய எழுதப் போகிறேன், பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் இது உதவாது போல என்று நினைத்துவிடக் கூடாது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், பிஎஸ்டி உரிமம். மேக்கிலும் பெரும்பாலான லினக்ஸிலும் ஏற்கெனவே இருக்கும்.

நான் இதில் இறங்கியதற்குக் காரணம் ஒரு டிடிபி கடை. தர்மபுரி நாலு ரோடு பக்கம் கடை வைத்திருந்த ஒரு அண்ணன், கடையை மூடும்போது தன் பழைய ஹார்ட் டிஸ்க்குகளை என்னிடம் கொடுத்து, "தம்பி, இதுல வேணும்கறத எடுத்துக்க, மீதிய அழிச்சிடு" என்றார். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, காது குத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், காரியப் பத்திரிகை, பாலக்கோடு பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்து ஜமாக்களுக்கு அடித்த விளம்பரம் என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. இந்த வட்டாரத்துச் சின்னச் சின்ன ஊர்களின் பெயரும் குலசாமிகளின் பெயரும் கூத்துகளின் பெயரும் வேறு எங்கேயும் இப்படி ஒரே இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்காது. அதனால் எழுத்து இருக்கிற கோப்புகளை மட்டும் தனியாக எடுத்து யூனிகோடுக்கு மாற்றி வைக்க வேண்டும் என்பதுதான் வேலை. எக்ஸ்டென்ஷனைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது. பாதிக்கு எக்ஸ்டென்ஷன் கிடையாது, சிலவற்றில் புள்ளிக்குப் பிறகு வாடிக்கையாளர் பெயர் இருக்கிறது, படத்துக்கு டிஎக்ஸ்டி என்றும் டெக்ஸ்ட்டுக்கு பிஏகே என்றும் வைத்திருக்கிறார்கள். இங்கே டெக்ஸ்ட்டை பைனரி என்று ஒரு புரோகிராம் தள்ளிவிட்டால் அந்தக் கோப்பு அழிக்கும் பட்டியலுக்குப் போய்விடும், திரும்பி வராது. அதனால் ஒவ்வொரு கருவியும் எப்படி முடிவெடுக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

ஃபைல் கட்டளை பழைய ஆள். 1973 யுனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது. இன்று நாம் லினக்ஸில் பயன்படுத்துவது, 1980களின் நடுவில் இயன் டார்வின் புதிதாக எழுதியது, 1990களிலிருந்து கிறிஸ்டோஸ் ஜூலாஸ் பராமரித்து வருகிறார். கோப்பின் பெயரை இது கண்டுகொள்வதே இல்லை. தொடக்கத்தில் இருக்கும் பைட்டுகளை (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை ஓர் எண்) பார்த்து, தன்னிடம் இருக்கும் பெரிய விதிப் பட்டியலோடு ஒப்பிடும். பிஎன்ஜி படம் 137 என்ற பைட்டோடு தொடங்கும், அடுத்து பி, என், ஜி என்ற மூன்று எழுத்து, அப்புறம் 13, 10, 26, 10. அதில் 13, 10, கடைசி 10 மூன்றும் சும்மா வைத்ததில்லை: டெக்ஸ்ட் என்று நினைத்து யாராவது வரி முடிவுகளை மாற்றி அனுப்பினால் அது கெட்டுப்போனது உடனே தெரிய வேண்டும் என்பதற்காக வைத்தது. பழைய வேர்டு கோப்பு 208, 207, 17, 224 என்று ஆரம்பிக்கும். புதிய வேர்டும் எக்ஸெலும் உள்ளே ஜிப்தான், அதனால் பி, கே என்று தொடங்கும், ஜிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள் அவை. இப்படி எந்த விதியிலும் சிக்கவில்லை என்றால்தான் இது டெக்ஸ்ட்டா என்ற சோதனைக்கு வரும்: எழுத்துகளை எண்களாக வைக்கும் முறை, அதாவது குறியாக்கம், எது, ஆங்கிலத்துக்கான ஆஸ்கியா, யூனிகோடின் வடிவங்களான யுடிஎஃப்-8ஆ, யுடிஎஃப்-16ஆ, வேறு எட்டு பிட் குறியாக்கமா என்று வரிசையாகப் பார்க்கும், எதிலும் ஒத்துவரவில்லை என்றால் 'டேட்டா' என்று கைவிரித்துவிடும்.

புரோகிராமில் பயன்படுத்துகிறவர்கள் அதன் வழக்கமான நீளமான பதிலை எடுத்துப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டாம், பதிப்புக்குப் பதிப்பு வாசகம் மாறும். 'மைம்-என்கோடிங்' என்ற ஆப்ஷனைக் கொடுங்கள், ஒரே சொல்லில் பதில் வரும்: யுஎஸ்-ஆஸ்கி, யுடிஎஃப்-8, யுடிஎஃப்-16எல்இ, ஐஎஸ்ஓ-8859-1, அன்நோன்-8பிட், இல்லாவிட்டால் பைனரி ('டேட்டா' என்பதும் இதில் பைனரி என்றே வரும்). பைனரி என்று வந்தால் பைனரி, மற்ற எல்லாம் டெக்ஸ்ட், அவ்வளவுதான் நிபந்தனை. ஒன்று மட்டும் கவனம், காலிக் கோப்புக்கும் பைனரி என்றே சொல்லும், அதனால் அளவு பூஜ்ஜியமா என்பதை முன்பே பார்த்துவிட வேண்டும்.

சரி, மற்ற கருவிகளோடு ஒப்பிடுவோம். ஒரே டிஸ்க்கிலிருந்து இரண்டு கோப்புகளை எடுத்துக்கொண்டேன். ஒன்று, 2000ஆம் ஆண்டு வாக்கில், யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழுக்குப் புழங்கிய திஸ்கி குறியாக்கத்தில் அடித்த கோயில் நோட்டீஸ். இன்னொன்று, பின்னாளில் விண்டோஸ் நோட்பேடில் 'யூனிகோட்' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்த பெயர்ப் பட்டியல், அதாவது யுடிஎஃப்-16. இரண்டும் மனிதர் படிக்கிற தமிழ், சந்தேகமே இல்லாத டெக்ஸ்ட்.

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் எப்படிப் பார்க்கிறது என்றால், முதல் 8000 பைட்டில் ஒரு பூஜ்ஜிய பைட் இருந்தால் பைனரி, இல்லாவிட்டால் டெக்ஸ்ட். எளிமை, வேகம், புரோகிராம் எழுதுகிறவர்களின் கோப்புகளுக்குப் பெரும்பாலும் போதும். திஸ்கி கோப்பில் பூஜ்ஜியம் கிடையாது, அதனால் டெக்ஸ்ட் என்று சரியாகச் சொன்னது. யுடிஎஃப்-16இல் பூஜ்ஜியம் உண்டு, அதனால் பைனரி என்று தப்பாகச் சொன்னது. இதில் தமிழுக்கென்று ஒரு விசேஷம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. யுடிஎஃப்-16இல் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு பூஜ்ஜியம் வரும், ஆனால் தமிழ் எழுத்துக்கு வராது: ஒரு பைட் 11, இன்னொரு பைட் 128க்கு மேல். அப்படியானால் பூஜ்ஜியம் எங்கிருந்து வருகிறது? இடைவெளியிலிருந்தும் வரி முடிவிலிருந்தும் எண்களிலிருந்தும்தான். ஒரு பத்திரிகையை கிட் பைனரி என்று ஒதுக்குவதற்குக் காரணம் அதில் சொற்களுக்கு நடுவே இடம் விட்டிருப்பதுதான் என்பதை நினைத்தால் இந்த விதி எவ்வளவு மேலோட்டமானது என்று புரியும்.

கோப்புகளுக்குள் சொல் தேடும் கிரெப் வேறு வழி. பூஜ்ஜிய பைட் இருந்தாலும் பைனரி, இப்போதைய லொகேலின் (கணினியின் மொழி அமைப்பு) குறியாக்கத்துக்குப் பொருந்தாத பைட் வந்தாலும் பைனரி. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அது யுடிஎஃப்-8, அதனால் திஸ்கி கோப்பில் தேடினால், கிடைத்த வரியைக் காட்டாமல் பைனரி கோப்பு பொருந்துகிறது என்று மட்டும் சொல்லி நிற்கும். அதன் ஏ ஆப்ஷனைப் போட்டால் கட்டாயமாக டெக்ஸ்ட்டாக எடுத்துக்கொள்ளும். யுடிஎஃப்-16 கோப்பும் பைனரிதான் அதற்கு. ஆக இரண்டுமே தோல்வி.

பெர்லில் பெரிய டி, பெரிய பி என்று இரண்டு சோதனைகள் மொழியிலேயே இருக்கின்றன. முதல் பகுதி ஒழுங்கான யுடிஎஃப்-8 என்றால் டெக்ஸ்ட். இல்லாவிட்டால் விநோதமான பைட்டுகளை எண்ணும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் பைனரி, பூஜ்ஜியம் ஒன்று வந்தாலும் பைனரி. 128க்கு மேற்பட்ட எல்லாமே அதற்கு விநோதம். திஸ்கியில் தமிழ் எழுத்து முழுக்க 128க்கு மேல்தான், ஆகவே தமிழில் எழுதியிருக்கிற ஒரே காரணத்துக்காக அது பைனரி. இந்த விகிதம் பார்க்கும் யோசனை இணையத்தில் ஆளுக்கு ஒரு வடிவத்தில் உலவுகிறது, சிலர் யுடிஎஃப்-8 சோதனையைக் கூட விட்டுவிட்டு 30 சதவீதத்துக்கு மேல் ஆஸ்கி அல்லாதது இருந்தால் பைனரி என்று நேராக எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தை மட்டும் மனதில் வைத்த கணக்கு அது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. 'தர்மபுரி' என்ற சொல் 24 பைட், 'கிருஷ்ணகிரி' 33 பைட், இவற்றில் ஒன்று கூட ஆஸ்கி கிடையாது. அந்த விதியை வைத்திருக்கிற எந்த புரோகிராமும் தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கூட டெக்ஸ்ட் என்று ஒப்புக்கொள்ளாது. தயவுசெய்து அதை எடுத்து ஒட்டாதீர்கள்.

ஃபைல் கட்டளை இரண்டையும் டெக்ஸ்ட் என்று சொன்னது. யுடிஎஃப்-16 கோப்பின் தலையில் 255, 254 என்ற அடையாள பைட் இரட்டை இருந்ததால் குறியாக்கத்தின் பெயரையும் சரியாகச் சொன்னது. அந்தத் தலை அடையாளம் இல்லாத யுடிஎஃப்-16 கோப்பு வந்தால் என்னிடம் இருக்கும் பதிப்பு 'டேட்டா' என்று விட்டுவிடுகிறது, ஆனால் நோட்பேடும் எக்ஸெலின் 'யூனிகோட் டெக்ஸ்ட்'டும் அடையாளத்தோடுதான் சேமிக்கும், அதனால் நடைமுறையில் பெரிய தொந்தரவில்லை. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைக் கணக்கு பார்க்கிற நண்பர் ஒருவர், எக்ஸெலிலிருந்து எடுத்த பட்டியல்களை கிட்டில் போட்டு வைத்திருக்கிறார், ஒவ்வொரு முறையும் என்ன மாறியது என்று காட்டாமல் பைனரி என்றே வருகிறது என்று அலுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வழி இருக்கிறது: கிட் 2.18 முதல் அட்ரிப்யூட்ஸ் கோப்பில் 'ஒர்க்கிங்-ட்ரீ-என்கோடிங்' என்று யுடிஎஃப்-16ஐக் குறிப்பிடலாம், உள்ளே யுடிஎஃப்-8ஆக வைத்துக்கொண்டு வித்தியாசத்தை ஒழுங்காகக் காட்டும்.

இனி குறைகள். திஸ்கியை ஃபைல் கட்டளைக்குத் தெரியாது. டெக்ஸ்ட் என்பதைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் எந்த டெக்ஸ்ட் என்பதில் ஊகம்தான். ஆஸ்கி அல்லாத பைட்டுகள் எல்லாம் 160ஓ அதற்கு மேலோ இருந்தால் ஐஎஸ்ஓ-8859 என்கிறது, 128இலிருந்து 159 வரைக்குள் (133 தவிர) ஒன்று வந்தாலும் 'ஐஎஸ்ஓ அல்லாத விரிவாக்கிய ஆஸ்கி' என்கிறது. திஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் அந்தக் கீழ்ப் பகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. விளைவைப் பாருங்கள், 'தருமபுரி' என்று மட்டும் எழுதிய திஸ்கி கோப்புக்கு ஒரு பதில், 'கிருஷ்ணகிரி' என்று எழுதிய கோப்புக்கு வேறு பதில், இரண்டையும் ஒரே ஆள் ஒரே மென்பொருளில் ஒரே நாளில் அடித்திருந்தாலும். அதைவிட விநோதம், திஸ்கியில் ஸ என்ற எழுத்து 133ஆம் இடம், அந்த எண் பழைய தரம் ஒன்றில் அடுத்த வரி என்ற கட்டுப்பாட்டுக் குறி. அதனால் நோட்டீஸ் முழுக்க 'ஸ்ரீ' இருந்தாலும் பிரச்சினை இல்லை (அதற்குத் தனி இடம் உண்டு), ஆனால் 'ஸ்தலம்' போல் புள்ளி வைத்த ஸ் ஆக இல்லாமல் 'நவரஸம்' போல் தனி ஸ வந்தால் இந்தக் கோப்பில் 'என்இஎல்' வரி முடிவுகள் இருக்கின்றன என்று ஒரு தகவலைச் சேர்த்துச் சொல்லும். பார்த்துப் பயப்பட வேண்டாம், கோப்பு கெட்டுப் போகவில்லை.

இன்னொன்று, பழைய டாஸ் எடிட்டர்கள் சில கோப்பு முடிந்தது என்பதற்கு 26ஆம் எண் பைட்டைக் கடைசியில் வைக்கும். ஃபைல் கட்டளையின் பட்டியலில் அது டெக்ஸ்ட்டுக்கு உரிய பைட் கிடையாது. மொத்தக் கோப்பும் சுத்தமான எழுத்தாக இருந்து அந்த ஒரே பைட் கடைசியில் இருந்தாலும் 'டேட்டா' என்று பதில் வரும். எனக்கு இதுதான் உண்மையிலேயே ஆபத்தான குறை, ஏனென்றால் பழைய டிஸ்க்கில் இந்த வகை நிறைய. 'டேட்டா' என்று வந்த கோப்புகளை அப்படியே அழிக்காமல், கடைசி பைட் 26ஆ என்று பார்த்து அதை நீக்கிய நகல் ஒன்றை மறுபடி சோதிக்க வேண்டும். நான் இப்போது அதை ஸ்கிரிப்ட்டிலேயே சேர்த்துவிட்டேன்.

விதிப் பட்டியலை நம்பி ஓடுகிற கருவி என்பதால் ஒரு விதி தப்பானால் எங்கேயோ போய் இடிக்கும். உபுண்டுவில் ஒருவருக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பிரிண்ட் ஆகவில்லை என்ற புகார் பிரபலம். அச்சுக்குப் போகிற கோப்பில் தேதி எழுதப்பட்டிருக்கும், அதில் செவ்வாய்க்கான ஆங்கிலச் சுருக்கம் குறிப்பிட்ட இடத்தில் வந்தால் அதை எர்லாங் மொழியின் கோப்பு வகை ஒன்று என்று ஃபைல் கட்டளை நினைத்துவிட்டது, அச்சடிக்கும் அமைப்பு அதை நம்பிவிட்டது. அந்த விதி திருத்தப்பட்டுவிட்டது. சின்னக் கோப்புகளில் இந்த மாதிரி தவறு வர வாய்ப்பு அதிகம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் 2024 பிப்ரவரியில் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட மேஜிகாவையும் போட்டுப் பார்த்தேன். விதிப் பட்டியலுக்குப் பதில் பயிற்சி கொடுத்த சின்ன நியூரல் மாடல். இது பைத்தான் கோடு, இது ஜாவாஸ்கிரிப்ட், இது சிஎஸ்வி என்று பிரிப்பதில் ஃபைல் கட்டளையைவிடத் திறமை. எனக்குத் தேவையான குறியாக்கம் என்ன என்ற பதிலை அது தருவதில்லை, அதனால் இந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

வெளிக் கட்டளை எதையும் அழைக்காமல் பைத்தானிலேயே எழுத நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் 1024 பைட்டைப் படித்து யுடிஎஃப்-8ஆக டிகோட் செய்து பார், பிழை வந்தால் பைனரி என்று எழுதுவது வழக்கம். ஆங்கிலத்துக்கு ஓடும். தமிழ்க் குறியீடு மூன்று பைட் என்பதால் 1024ஆவது பைட் ஓர் எழுத்தின் நடுவில் வெட்டுவதற்கே வாய்ப்பு அதிகம், வெட்டிய இடத்தில் பிழை வரும், நல்ல தமிழ்க் கோப்பு பைனரியாகிவிடும். கோடெக்ஸ் மாட்யூலில் இருக்கும் இன்கிரிமென்டல் டிகோடரைப் பயன்படுத்தினால் அரைகுறையாக நிற்கும் கடைசி எழுத்தைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் காத்திருக்கும். அதற்கு முன்னால் தலையில் யுடிஎஃப்-16 அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டையும் செய்து, தோற்றவற்றை மட்டும் ஃபைல் கட்டளையின் நூலகமான லிப்மேஜிக்கிடம் கொடுத்தால் போதும். கோப்பு முழுக்க ஒழுங்கான யுடிஎஃப்-8ஆக இருந்து 128க்கு மேற்பட்ட பைட்டுகளும் ஏராளமாக இருந்தால் அது தற்செயலாக நடப்பது அரிது, அந்தப் பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஐஎஸ்ஓ, அன்நோன் என்று வருகிற பதில்களை டெக்ஸ்ட் என்ற அளவுக்கு மட்டும் நம்புங்கள், குறியாக்கத்தின் பெயரை நம்பி யூனிகோடுக்கு மாற்றினால் ஐரோப்பிய எழுத்துக் குப்பைதான் கிடைக்கும்.

விண்டோஸ்காரர்கள் கிட் ஃபார் விண்டோஸ் நிறுவினால் அதன் பாஷ் ஜன்னலுக்குள் ஃபைல் கட்டளையும் கூடவே வந்துவிடும், டிடிபி வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் சுலபமான வழி. டாக்கரின் டெபியன் ஸ்லிம் இமேஜ்களில் இருக்காது, தனியாக நிறுவ வேண்டும்.

எனக்கு இந்தக் கருவியில் மிகவும் பிடித்தது, விதியை நாமே சேர்க்கலாம் என்பது. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் இந்த டிஸ்க்குகளில் குவிந்திருக்கின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு, அதனால் கோப்புக்குள் இருப்பது வெறும் ஆஸ்கி. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எந்தக் கருவியிடம் கொடுத்தாலும் சுத்தமான ஆங்கில டெக்ஸ்ட் என்றுதான் சொல்லும், பைட் அளவில் அது சரியான பதிலும் கூட. ஆனால் பத்திரிகை என்றால் 'திரு' என்ற சொல் வராமல் இருக்காது, பாமினியில் அது சின்ன ஜே, சின்ன பி, பெரிய யு. இந்த மூன்றும் இப்படிச் சேர்ந்து ஆங்கிலத்தில் வர வழியே இல்லை. முதல் 4096 பைட்டுக்குள் அந்த மூன்றெழுத்தைத் தேடு, டெக்ஸ்ட் கோப்புகளில் மட்டும் தேடு, கிடைத்தால் 'பாமினி' என்று சொல் என்று ஒற்றை வரி விதி எழுதி, எம் ஆப்ஷனில் கொடுத்தேன். ஆங்கில விலைப்பட்டியல்களும் கல்யாணப் பத்திரிகைகளும் தனித்தனியாகப் பிரிந்து வந்துவிட்டன.

திஸ்கிக்கும் இதே மாதிரி ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழக அரசு 1999இல் குறியாக்கத் தரமாக அறிவித்த டாம், டாப் இரண்டிலும் உள்ள கோப்புகள் இன்னும் ஐஎஸ்ஓ என்ற பெயரில் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. அவற்றுக்கு விதி எழுதி வைத்திருப்பவர்கள் இருந்தால் இங்கேயே பகிருங்கள். அரூர், ஊத்தங்கரை, காவேரிப்பட்டணம் பக்கம் பழைய டிடிபி கடைக்காரர்கள் யாராவது டிஸ்க்கைத் தூக்கிப் போடப் போவதாகச் சொன்னால், பிரித்துப் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள்.